ஃபயர்வால் பதிவுகளை அனுப்ப யூடிபியா, டிஎல்எஸ்ஸா?

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஆலை, வேலூரில் அலுவலகம், ஆலையின் ஃபயர்வால் (நெட்வொர்க் காவல் சாதனம்) பதிவுகள் வேலூர் சிஸ்லாக் சர்வருக்கு, அதாவது பதிவுகளைச் சேகரிக்கும் சர்வருக்கு, போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

யூடிபி (போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்பும் முறை), போர்ட் 514: சர்வர் ஐபி, போர்ட், எந்த நிலைச் செய்திகள் என்று கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். ஆனால் லைன் விழுந்த நேரத்துப் பதிவுகள் போனது போனதுதான். ஃபயர்வாலுக்கே அது தெரியாது. செய்தியும் மறையாக்கம் இல்லாமல் போகும். ஒரே கட்டடத்துக்குள் தனி விலானில் (பிரித்து வைத்த உள் நெட்வொர்க்கில்) என்றால் இது போதும்.

டிசிபி (போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்யும் முறை) போர்ட் 6514, அதன் மேல் டிஎல்எஸ் (மறையாக்கம்): ஊர் விட்டு ஊர் போகும் பதிவுக்கு இதுதான் சரி. சிக்கல் பெரும்பாலும் சர்வரின் அடையாளத்தைக் காட்டும் டிஜிட்டல் சான்றிதழில் வரும். ஃபயர்வாலில் கொடுத்த சர்வர் பெயரும் சான்றிதழில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். மின்வெட்டுக்குப் பின் ஃபயர்வாலின் கடிகாரம் பின்தங்கினால், சான்றிதழ் 'இன்னும் செல்லாது' என்று இணைப்பு மறுக்கப்படும். முதலில் என்டிபியை (நெட்வொர்க் வழி நேரத்தைச் சரிசெய்யும் வசதி) சரிசெய்யுங்கள். சிஸ்கோ ஏஎஸ்ஏ என்ற ஃபயர்வாலில் டிசிபி சிஸ்லாக் சர்வர் படுத்தால், இயல்பு அமைப்பில் ஃபயர்வால் வழியாகச் செல்லும் புதிய இணைப்புகளே நின்றுவிடும். அப்போதும் இணைப்புகளை விடும் 'லாகிங் பெர்மிட்-ஹோஸ்ட்டவுன்' கட்டளையை மறக்கவே கூடாது.

விபிஎன் (இரு இடங்களை இணைக்கும் பாதுகாப்பான டனல்) வழி அனுப்பினால், எந்த முறையானாலும் சோர்ஸ் ஐபியாக (அனுப்புநர் முகவரியாக) ஃபயர்வாலின் லேன் (உள் நெட்வொர்க்) முகவரியைக் கொடுங்கள். இல்லையென்றால் பாக்கெட் டனலுக்குள் நுழையாமல் போகலாம்.

செர்ட்-இன் (இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) 2022 உத்தரவுப்படி 180 நாள் பதிவு வேண்டும். நொடிக்கு 100 செய்தி, தலா 500 பைட் என்றால் சுமார் 780 ஜிபி.