கொழுந்துக் கணக்குக்கு ஃப்ளட்டரா, ரியாக்ட் நேட்டிவா?

பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் நின்றாலே, நிறுவை எழுதும் செயலிக்கு என்ன வேண்டும் என்று விளங்கிவிடும். மலையில் சிக்னல் கிடைக்காது. கணக்கப்பிள்ளையின் கையில் பழைய ஆண்ட்ராய்ட் போன், அதுவும் மழையில் நனைந்தது. பேர்கள் தமிழிலும் சிங்களத்திலும் தெரிய வேண்டும். ஆண்ட்ராய்ட் மட்டும் என்றால் கோட்லின் மொழியே போதும். ஆனால் இதற்கு அனுமதி தர வேண்டிய தோட்டத்துத் துரையிடம் இருப்பது ஐபோன்! ஆகவே ஒரே நிரலை எழுதி இரண்டு வகைப் போனுக்கும் செயலி செய்ய உதவும் ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ் என்ற இரண்டு கருவிகளிலும், ஹட்டனில் உட்கார்ந்து, ஒவ்வொரு மாதிரிச் செயலி செய்து பார்த்தேன்.

ரியாக்ட் நேட்டிவை பேஸ்புக் 2015இல் வெளியிட்டது. ஜாவாஸ்கிரிப்டில் எழுதினாலும், திரையில் வருவது போனின் சொந்தப் பொத்தான்களும் எழுத்துப்பெட்டிகளும்தான். அதனால் போனுக்குப் போன் தோற்றம் கொஞ்சம் மாறும். வரி உயரத்தை இறுக்கி வைத்திருந்தேன். ஒரு போனில் 'ஸ்ரீ'யின் அடி வெட்டுப்பட்டுப் போனது. தப்பு என்னுடையதுதான், ஆனாலும் கண்டுபிடிக்க ஒரு பகல் போயிற்று.

கூகுளின் ஃப்ளட்டர் 2018 டிசம்பரில் 1.0 ஆனது. போனிடம் பொத்தான் கேட்காமல், எல்லாவற்றையும் தானே வரைந்துகொள்கிறது. எழுத்துருவையும் உள்ளே வைத்துக் கொடுத்தால் பழைய போனிலும் புதியதிலும் ஒரே முகம். மடுவத்தில் பெரிய பொத்தான், பெரிய இலக்கம் வேண்டிய இடத்தில் இது பெரிய நிம்மதி. டார்ட் மொழியைப் புதிதாகப் படிக்க வேண்டும். ஜாவா தெரிந்தவருக்கு அது மலையேற்றம் இல்லை.

சிக்னல் இல்லாத நேரத்தில் கணக்கைப் போனுக்குள்ளேயே சேமிக்க இரண்டிலும் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளம் உண்டு. அதில் வித்தியாசம் பார்க்க ஒன்றுமில்லை.

ரியாக்ட் நேட்டிவ் முந்துவது திருத்தம் அனுப்புவதில். எக்ஸ்போ என்ற துணைக் கருவி வழியாக ஜாவாஸ்கிரிப்ட் பகுதியை மட்டும் மாற்றி அனுப்பலாம், ஸ்டோரில் புதுப் பதிப்பு போடத் தேவையில்லை. ஃப்ளட்டருக்கு அந்த வசதி வேண்டுமென்றால் வெளிச் சேவையைத்தான் நாட வேண்டும். ஏற்கெனவே இணையதளம் செய்து பழகிய பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து செய்வதென்றால், யோசிக்காமல் ரியாக்ட் நேட்டிவ் என்பேன்.

இதே வேலைக்கான மைக்ரோசாப்டின் பழைய கருவியான ஜமரின் பக்கம் யாராவது கை காட்டினால் வேண்டாம். அதற்கான ஆதரவு 2024 மே 1ஆம் திகதியோடு முடிந்துவிட்டது.

எனக்கு ஜாவாஸ்கிரிப்ட் அவ்வளவாக வராது, அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஃப்ளட்டரிலேயே தொடர்கிறேன். கூகுள் பிளேக்கு ஒரே தடவை 25 டொலர், கட்டியாயிற்று. ஆப்பிளுக்கு வருடா வருடம் 99. அப்புறம் ஐபோன் செயலியை உருவாக்கும் எக்ஸ்கோட் மென்பொருள் ஓட ஆப்பிளின் மேக் கணினி ஒன்று வேண்டும். வாடகை மேக்கில் இணையவழியாகச் செயலியை உருவாக்கலாம் என்கிறார்கள். துரையின் ஐபோனுக்காக அதற்கும் காசு கட்டுவதா, யாரிடமாவது இரவல் கேட்பதா என்பது இன்னும் முடிவாகவில்லை.