கொயர் டூருக்கு முன்பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கலிஃபோர்னியாவில் ஹைஸ்கூல் கொயரில், அதாவது சேர்ந்து பாடும் குழுவில், பாடும் பிள்ளைகளின் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். அடுத்த கோடை ஐரோப்பிய டூருக்கு முன்பணம் கேட்டுக் கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன. எங்களை ஏமாற்றிய கம்பெனி மீது புகார் கொடுத்திருக்கிறோம், அதனால் பெயரைப் போடவில்லை. ஏமாற்றிய விதத்தை மட்டும் சொல்கிறேன்.

அவர்கள் தந்த வண்ணத்தாளின் முதல் பக்கத்தில் வியன்னாவின் பிரபலக் கச்சேரிக் கட்டடமான மூசிக்ஃபெரைனின் தங்க அரங்கம், புத்தாண்டுக் கச்சேரியில் டிவியில் பார்ப்போமே, அதே அரங்கம். அடுத்த பக்கத்தில் சால்ஸ்பர்க் பேராலயம், மொசார்ட்டுக்கு 1756இல் ஞானஸ்நானம் நடந்த இடம். "உங்கள் பிள்ளையின் குரல் இங்கே ஒலிக்கும்" என்று எழுதியிருந்தார்கள். தலைக்கு 5,200 டாலர். பிள்ளைகள் மாதக்கணக்கில் லத்தீன் பாடல்களைப் பழகினார்கள். கல் மண்டபத்தில் குரல் எப்படித் திரும்பி வரும் என்று டீச்சர் சொல்லிச் சொல்லிப் பயிற்சி கொடுத்தார்.

துணைக்குப் போன பெற்றோரில் நானும் ஒருத்தி. வியன்னாவில் எங்களுக்குத் தங்க அரங்கம் கிடைக்கவில்லை. ஊருக்கு வெளியே ஒரு சின்ன சர்ச். வாசலில் ஒரு நோட்டீஸ்கூட இல்லை. பாட்டைக் கேட்டது நாங்களும் பஸ் டிரைவரும்தான். சால்ஸ்பர்க்கில் அதைவிட மோசம். வழிகாட்டியாக வந்த பெண் பேராலயத்துக்குள் போய்க் கேட்டுவிட்டு முகம் வெளிறித் திரும்பி வந்தார். எங்கள் குழு பாடுவதாக யாரும் அவர்களுக்கு எழுதவே இல்லையாம். மற்ற சுற்றுலாப் பயணிகளைப் போல உள்ளே சுற்றிப் பார்த்துவிட்டு வந்தோம். மறுநாள் காலை ஹோட்டலின் சாப்பாட்டு அறையில் பாடச் சொன்னார்கள். கறுப்பு உடையும் கையில் ஃபோல்டருமாகப் பிள்ளைகள் நிற்கிறார்கள். மெல்லிய ஸ்வரத்தில் ஒரு பாட்டு ஆரம்பிக்கும்போது பக்கத்தில் காபி மெஷின் கரகரவென்று அரைக்கிறது. டீச்சர் கையை இறக்கி, அது ஓயும்வரை காத்திருந்து, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவரையும்தான் ஏமாற்றினார்கள்.

திரும்பி வந்து கேட்டால் ஒப்பந்தத்தைக் காட்டினார்கள்: "இந்த அரங்கம் அல்லது இதற்கு நிகரான இடம்." அந்த ஒரு வரிக்குள் சாப்பாட்டு அறையும் அடங்கிவிடுமாம்! ஆகவே பணம் கட்டும் முன் அந்த ஆலயமோ அரங்கமோ தேதி போட்டு அனுப்பிய உறுதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். தராவிட்டால் நீங்களே அவர்களுக்கு மெயில் போட்டுக் கேளுங்கள். மூசிக்ஃபெரைன் என்று மட்டும் சொன்னாலும் போதாது. அதே கட்டடத்தில் 2004இல் திறந்த நிலத்தடி அரங்குகள் நான்கு உண்டு, எந்த அரங்கம் என்று எழுதி வாங்குங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு அடி விழுந்தது. "குழுவாகப் போவதால் விசா பிரச்சினை இருக்காது" என்றார்கள். சுத்தப் பொய். கிரீன் கார்டு இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா, வேண்டும். பயணத்துக்குக் குறைந்தது 15 நாள் முன்பாவது விண்ணப்பிக்க வேண்டும், ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். அதற்கு ஹோட்டல், விமான விவரமும் 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். எங்களுக்கு ஹோட்டல் பட்டியல் வந்ததே கடைசி நேரத்தில். வந்த பிறகு செக் நாட்டின் பிராகில் தங்கும் நாட்களைக் கூட்டிவிட்டார்கள், ஆஸ்திரியாவுக்கென்று தயார் செய்த தாள்களெல்லாம் வீண். என் மகளோடு பாடும் ஒரு பையனால் வரவே முடியவில்லை. ஹெச்-4இல் (ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்குத் தரும் விசா) பிள்ளை இருந்தால், அமெரிக்காவுக்குத் திரும்பி வருவதையும் யோசியுங்கள். பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா முத்திரை காலாவதியாகியிருந்தால் கனடா, மெக்சிகோ போய் 30 நாளுக்குள் வரும் சலுகை ஐரோப்பாவுக்குச் செல்லாது. அமெரிக்கத் தூதரகத்தில் புது முத்திரை வாங்காமல் திரும்பும் விமானம் ஏற முடியாது.

பணம் விஷயம். வங்கியிலிருந்து நேராக அனுப்பினால் தள்ளுபடி என்று ஆசை காட்டினார்கள். அப்படி அனுப்பியவர்களுக்கு இன்றுவரை ஒரு டாலர்கூட வரவில்லை. கிரெடிட் கார்டில் கட்டியவர்கள் கார்டு கம்பெனியிடம் புகார் கொடுத்து ஒரு பகுதியையாவது மீட்டார்கள். ஸ்டேட்மென்ட் வந்த 60 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, ஆனால் சேவை பின்னால்தான் நடக்க வேண்டியது என்றால் அதைச் சொல்லிக் கார்டு கம்பெனியிடம் எப்படியும் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், கலிஃபோர்னியாவில் பயணம் விற்கிறவர்கள் மாநில அட்டர்னி ஜெனரலிடம் பதிவு செய்திருக்க வேண்டும், விளம்பரத்தில் அந்த எண்ணைப் போட வேண்டும். எங்கள் வண்ணத்தாளில் அது இல்லவே இல்லை. உங்கள் கையில் இருக்கும் தாளை இப்போதே எடுத்துப் பாருங்கள். எண் இருந்தாலும் அட்டர்னி ஜெனரலின் இணையதளத்தில் போட்டு, இன்னும் செல்லுமா என்று பார்த்த பிறகே பள்ளிக்குச் சம்மதக் கையெழுத்துப் போடுங்கள்.