பீமில் இரும்புத் தகடு ஒட்டலாம் என்கிறார்களா? முதலில் பூச்சை உடைக்கச் சொல்லுங்கள்

சென்னை திருவான்மியூரில், கடலுக்குப் பக்கத்தில், 1988இல் கட்டிய அடுக்குமாடி எங்களுடையது. கார் நிறுத்தும் தளத்தில் நான்கு பீம்களின் அடிப்பக்கம் நீளவாக்கில் விரிசல் விட்டிருந்தது. பார்க்க வந்த ஒப்பந்ததாரர் பத்து நிமிடம் அண்ணாந்து பார்த்தார். "எபாக்ஸி பிசின் வைத்து இரும்புத் தகடு ஒட்டிவிடலாம் சார், முப்பது வருடத்துக்குக் கவலை இல்லை" என்றார். மூன்று லட்சத்து எண்பதாயிரம் ரூபாய். சங்கப் பொருளாளராகக் காசோலையில் கையெழுத்திட்டவன் நான்.

ஐந்து நாளில் வேலை முடிந்தது. இரண்டாவது மழைக்காலத்தில் ஒரு தகட்டின் முனை விரல் நுழையும் அளவுக்குத் தொங்கிவிட்டது. முட்டுக் கொடுத்து அதைக் கழற்றினோம். தகட்டோடு எங்கள் பழைய சிமெண்டுப் பூச்சும் பாளமாகப் பெயர்ந்து வந்தது. பிசினுக்கும் பூச்சுக்கும் நடுவில் வெளிர்பச்சை டிஸ்டம்பர் அப்படியே இருந்தது! கான்கிரீட்டைத் தொடாமல், வண்ணத்தின் மேலேயே ஒட்டியிருக்கிறார்கள். மேலே பீமில் கம்பிகள் ஏடு ஏடாக உதிர்ந்தன.

பிறகு ஒரு கட்டுமானப் பொறியாளரை அழைத்தோம். முதலிலேயே அழைத்திருக்க வேண்டும். முறை தவறில்லை என்றார் அவர். 1960களிலிருந்தே வெளிநாடுகளில் பாலங்களைக்கூட இப்படி வலுப்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் எங்கள் பீமின் நோய் வேறு. கடற்காற்றின் உப்பு உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அது தள்ளுவதால்தான் கம்பியின் போக்கிலேயே விரிசல் விடுகிறது. உள்ளே துரு வளர்ந்துகொண்டிருக்க, வெளியே தகடு ஒட்டினால் தகடும் சேர்ந்தே கழன்றுவரும். அதுவரை விரிசலை நம் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவைக்கும். எனக்கு ஆத்திரம் அதில்தான். அந்தப் பீம்களுக்கு அடியில் குழந்தைகள் தினமும் சைக்கிள் ஓட்டினார்கள்.

கெட்டுப்போன கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்புறம் வரை கொத்தியெடுத்து, துருவை நீக்கி, தேய்ந்த கம்பிக்கு மாற்றுக் கம்பி சேர்த்து, மறுபடி நிரப்ப வேண்டும். அதன் பிறகும் வலு போதாது என்று கணக்குச் சொன்னால்தான் தகடு. ஒட்டும் முன் சிறு உலோக வில்லையைப் பரப்பில் ஒட்டி இழுத்துப் பார்ப்பார்கள். சதுர மில்லிமீட்டருக்கு 1.5 நியூட்டனாவது தாங்க வேண்டும். தகட்டையும் மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்ய வேண்டும். எங்கள் தகட்டில் ஆலையிலிருந்து வந்த கருநீலச் செதில்கூடப் போகவில்லை. முனைகளில் போல்ட்டும் இல்லை; தகடு உரிய ஆரம்பிப்பது முனையில்தான். தீப்பிடித்தால் பிசின் இளகிவிடும் என்பதையும் யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

ஒப்பந்ததாரரைக் கேட்டால், "உப்புக்காற்றுக்கு நான் என்ன செய்ய முடியும்?" என்கிறார். ரசீதிலோ 'பரப்பைச் சுத்தம் செய்தல் உட்பட' என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த ரசீது, கழற்றிய தகடு, புகைப்படங்கள் மூன்றையும் வைத்து நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். உங்கள் கட்டடத்தில் இந்த வேலை நடக்கிறதென்றால், பிசின் கலக்கும் முன் கீழே இறங்கிப் பாருங்கள். கொத்திய கான்கிரீட்டில் ஜல்லி தெரிகிறதா? தெரியாவிட்டால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள்.