எண்ணெய் ஊற்றிக் காட்டிய 150: பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு இன்ஜின் வேலை கொடுப்பவர்கள் கவனத்துக்கு

யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற பழைய வண்டியைப் பட்டறையில் விட்டிருப்பவர்கள் மீதிப் பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 14,500 ரூபாயைக் கொடுத்த பிறகுதான் எனக்கு இவ்வளவும் புரிந்தது.

வண்டி அப்பா 1993-இல் வாங்கியது. 2008-இல் ஒருமுறை போர் அடித்து, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து, 0.25 மில்லிமீட்டர் பெரிய (ஓவர்சைஸ்) பிஸ்டன் போட்டிருந்தோம். போன மழைக்காலத்துக்குப் பிறகு காலையில் பத்து உதை உதைத்தால்தான் கிளம்பும். மேட்டில் மூன்றாவது கியரிலேயே மூச்சு வாங்கும். கோவையில் இந்த வண்டிகளுக்கென்றே பேர் வாங்கிய ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டேன். பட்டறையின் பெயரை எழுதப் போவதில்லை, தனியாகக் கேட்டாலும் சொல்ல மாட்டேன். செய்த விதத்தைச் சொல்கிறேன், அது போதும்.

பிளாக்கை (சிலிண்டரை) போர் அடிப்பது, 0.50 பிஸ்டன், ரிங், கிராங்க் ஆயில் சீல் இரண்டு பக்கமும், கேஸ்கட், கூலி என்று வெள்ளைத் தாளில் கணக்கு எழுதிக் கொடுத்தார்கள். கடை முத்திரை இல்லாத தாள். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

பதினெட்டு நாள் கழித்து அழைத்தார்கள். போனதும் முதலாளி, "தம்பி, கம்ப்ரஷனை உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுங்கள்" என்றார். எனக்கு அந்த மரியாதை பிடித்திருந்தது. கைபேசியில் படம்கூடப் பிடித்தேன். பிளக்கைக் கழற்றினார். "புது இன்ஜின், சுவர் காய்ந்திருக்கும்" என்று எண்ணெய்க் கேனின் மூக்கைப் பிளக் ஓட்டையில் வைத்து இரண்டு அழுத்து அழுத்தினார். கம்ப்ரஷனை, அதாவது பிஸ்டன் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்பதை அளக்கும் கேஜைத் திருகினார், கிக்கரை மிதித்தார். முள் ஏறி 150 பிஎஸ்ஐ-இல் நின்றது. சுற்றி நின்ற பையன்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

பணத்தை வாங்கியதும் ஒரு நிபந்தனை வந்தது. "கம்ப்ரஷன் ஏறிவிட்டது. இனி 100 ஆக்டேன் பெட்ரோல்தான். சாதாரணப் பெட்ரோல் ஒரு முறை போட்டாலும் பிஸ்டன் போய்விடும், அதற்கு நான் பொறுப்பில்லை." ஆக்டேன் என்பது அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் பெட்ரோல் தாங்கும் அளவு. 100 ஆக்டேன் எல்லாப் பங்கிலும் கிடைப்பதில்லை, விலையும் லிட்டருக்கு ஐம்பது ரூபாய்க்கு மேல் கூடுதல். ஊரை விட்டு வெளியே போனால் என்றைக்காவது சாதாரணப் பெட்ரோல் போட்டுத்தான் ஆகவேண்டும். அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

முதல் மூன்று முறை சொன்னபடியே போட்டேன். நான்காம் முறை பொள்ளாச்சி போகும் வழியில் சாதாரணப் பெட்ரோல். கிணத்துக்கடவுக்கு முன்னால், ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில், இன்ஜின் சத்தம் தொண்டை அடைத்ததுபோல மாறியது. அடுத்த கணம் பின் சக்கரம் இறுகியது. கிளட்சைப் பிடித்ததால் கீழே விழாமல் பிழைத்தேன். வேலை முடிந்து ஓடியது மொத்தம் 340 கிலோமீட்டர்.

பட்டறைக்கு போன் செய்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன பெட்ரோல் போட்டீர்கள்?" சொன்னேன். "பார்த்தீர்களா, எத்தனால்!" என்று வைத்துவிட்டார். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்பது எல்லாருக்கும் தெரிந்த செய்தி ஆகிவிட்டது. போர் தப்பானாலும் சீல் போடாவிட்டாலும் பழியை அதன் தலையில் கட்டிவிடலாம்.

அவர் சொன்னதை அப்படியே விட மனமில்லாமல் 14 மில்லிமீட்டர் மரை உள்ள கேஜ் ஒன்றை வாங்கி வீட்டிலேயே பார்த்தேன். ஆறியதும் மறுபடி சுற்றிய இன்ஜினைக் கொஞ்சம் சூடாக்கி, பிளக்கைக் கழற்றி, அதைத் தொப்பியோடு ஹெட்டின் உலோகத்தில் படும்படி வைத்துவிட வேண்டும். சோக்கை மூடாமல், ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்துக்கொண்டு, முள் இனி ஏறாது என்னும் வரை மிதிக்க வேண்டும். ஆக்சிலேட்டரைத் திருகாமல் மிதித்தால் போதிய காற்று உள்ளே போகாது, நல்ல இன்ஜினும் நோயாளியாகத் தெரியும். எனக்கு வந்தது 85. பிறகு பிளக் ஓட்டையில் அரை ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி மிதித்தேன். 120-ஐத் தாண்டியது. எண்ணெய் விட்டதும் முள் எகிறினால் காற்று ரிங்குக்கும் சுவருக்கும் நடுவில் ஓடுகிறது என்று அர்த்தம்.

இரவு அந்தப் பழைய வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். எண்ணெய்க் கேன் அதில் தெளிவாக இருக்கிறது. இந்த இன்ஜின் 98 சிசி. பிஸ்டன் உச்சிக்குப் போகும்போது மேலே மிஞ்சும் இடம் ஏறத்தாழ 10 சிசிதான். அதில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டாலே பாதி இடம் அடைந்துவிடும். ரிங்கின் இடுக்கும் அடைபடும். கேஜ் பொய் சொல்லவில்லை. அது பார்த்தது எண்ணெயை.

சிங்காநல்லூர் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். ஹெட்டைத் தூக்கியதும் பிஸ்டன் தலையைத் துணியால் துடைத்தார். எம்ரித் தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிய தலை. நடுவில் அச்சடித்த எண் 25. 0.50 பிஸ்டனுக்குக் காசு கொடுத்த என் வண்டிக்குள் 2008-இல் போட்ட அதே பிஸ்டன் ரிங் மட்டும் மாறி உட்கார்ந்திருந்தது. ரிங் பள்ளத்தின் அடியில் பழைய கரி அப்படியே இருந்தது, அங்கே எம்ரி எட்டவில்லை. பிளாக்கைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்தார். போர் அடித்த சுவரைக் கல் வைத்துத் தேய்க்கும் ஹோனிங் செய்திருந்தால் குறுக்கும் மறுக்குமாகப் பாய் பின்னியதுபோலக் கோடு தெரிய வேண்டும். இதில் மேலிருந்து கீழாகக் கையால் தேய்த்த கீறல்கள்.

இறுகியது எதனால் என்று கேட்டேன். ஆயில் டாங்கிலிருந்து பம்புக்குப் போகும் குழாயை விரலால் தூக்கிக் காட்டினார். அதில் அரை அங்குல நீளத்துக்குக் காற்றுக் குமிழி. இந்த வண்டியில் 2டி ஆயிலை (டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான ஆயிலை) தனி பம்ப்தான் கொடுக்கிறது. குழாயைக் கழற்றி மாட்டினால் காற்றை வெளியேற்றிவிட வேண்டும்; அதைச் செய்யாமல் கொடுத்திருக்கிறார்கள். "தம்பி, இதற்கு எந்தப் பெட்ரோல் ஊற்றினாலும் பிடித்துத்தான் இருக்கும்" என்றார். ஆயில் சீல்களும் மாற்றப்படவில்லை. சீல் கசிந்தால் கீழிருந்து காற்று நுழைந்து கலவை மெலியும், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் குறையும். கம்ப்ரஷன் கேஜ் அதைக் காட்டவே காட்டாது. இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்ஜின் வேலையை அவரிடமே மறுபடி கொடுத்தேன், பெட்ரோல் விஷயத்தையும் அவரிடமே தீர்த்துக்கொண்டேன். 1993-இல் இந்த வண்டி குடித்தது ஈயம் கலந்த 87 ஆக்டேன். கம்ப்ரஷன் விகிதம் சுமார் 7-தான். இன்று பங்கில் சாதாரணமாக வரும் எத்தனால் கலவையே 95. கம்ப்ரஷனை ஏற்றுவதற்காக ஹெட்டைச் சீவாத வண்டிக்கு 100 ஆக்டேன் கெடுதல் செய்யாது, வலுவும் சேர்க்காது, பர்ஸுக்குத்தான் கேடு. எத்தனாலில் உண்மையான சிக்கல் வேறு. அது எரியக் காற்று குறைவாகப் போதும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் பழைய ஜெட்டை வைத்துக்கொண்டே ஓட்டினால் கலவை மெலிந்து சூடு ஏறும், புதிதாகப் போர் அடித்த இன்ஜினுக்கு அது ஆகாது. அதனால் மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கினோம். பிளக் இப்போது காப்பிப் பொடி நிறத்தில் இருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊறவைக்கும். நீண்ட நாள் நிறுத்தினால் டாங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிடுகிறேன். முதல் 500 கிலோமீட்டருக்குப் பம்பை மட்டும் நம்பாமல் லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயிலைப் பெட்ரோலிலும் கலந்தேன். புகை கொஞ்சம் கூடுதல்தான். பக்கத்து வீட்டு அக்கா கொசு மருந்து அடிக்கிறாயா என்று கேட்டார்.

இந்த முறை பிஸ்டனை மாட்டும் முன்பே பார்த்தேன், 50 என்று அச்சு இருந்தது. ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் இறக்கி, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு ரிங் முனைகளின் இடைவெளி 0.20 மில்லிமீட்டர் என்று காட்டினார். பழைய பிஸ்டனையும் சீல்களையும் கையில் கொடுத்தார். ஓடிப் பழகிய பிறகு, ஒரு சொட்டு எண்ணெயும் விடாமல், 125 வந்தது.

25 அச்சு உள்ள பிஸ்டனை எடுத்துக்கொண்டு முதல் பட்டறைக்குப் போனேன். முதலாளி வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "இது நாங்கள் போட்ட பிஸ்டன் இல்லையே" என்றார். "ஆமாம் அண்ணா, நீங்கள் போடவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றேன். வீடியோவையும் காட்டிய பிறகு 4,000 ரூபாயைத் திருப்பித் தந்தார். மீதிக்கு நுகர்வோர் ஆணையத்தில் மனு எழுத உட்கார்ந்தபோதுதான் அந்த வெள்ளைத் தாளை மறுபடி பார்த்தேன். தேதிகூட இல்லை.