லென்ஸா, கண்ணாடியா? கடலோர ஊர் மொட்டை மாடிக்கு ஒரு தொலைநோக்கி

மைத்துனரின் 80 மி.மீ. லென்ஸ் தொலைநோக்கி எங்கள் வீட்டில் இரண்டு வருடம் இருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நான் வாங்கியது 6 அங்குல டாப்சோனியன். நீண்ட குழாய், அதன் அடியில் லென்ஸுக்குப் பதிலாக ஒளியைக் குவிக்கும் குழிக் கண்ணாடி, கீழே சுழலும் மரப்பீடம், அவ்வளவுதான். வீடு கடலூரில், அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில். மதுரைக்காரர் வேறு முடிவுக்கு வரலாம்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். 150 மி.மீ. கண்ணாடி 80 மி.மீ. லென்ஸைவிட மூன்றரை மடங்கு ஒளியை வாங்குகிறது. சித்திரை இரவில் தெற்கே எழும் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து லென்ஸில் ஒரு பஞ்சுப் பொட்டு; கண்ணாடியில் அதே பொட்டு மணல் தூவியதுபோல் உதிர்ந்து தனித்தனி நட்சத்திரங்களாகிறது. நிலவுக்கும் சனி வளையத்துக்கும் லென்ஸே போதும், ஆனால் நிலவின் விளிம்பில் மெல்லிய ஊதாக் கோடு ஒன்று ஒட்டிக்கொண்டே வரும். தூக்கிச் செல்வதில் லென்ஸுக்குத்தான் வெற்றி. டாப்சோனியன் 15 கிலோ சொச்சம்; குழாய்க்கு ஒரு நடை, பீடத்துக்கு ஒரு நடை என்று மாடிப்படி ஏறவேண்டும்.

ஆனால் கடலோரத்தில் இருப்பவர் யோசிக்கவேண்டியது பராமரிப்பை. இதில்தான் எல்லோரும் என்னைப் பயமுறுத்தினார்கள். "திறந்த குழாய், உப்புக்காற்று, கண்ணாடி கெட்டுப்போகும், அடிக்கடி நேராக்க வேண்டும்" என்றார்கள். நேராக்குவது உண்மைதான். கோலிமேஷன் என்கிற, கண்ணாடியின் சாய்வைச் சரிசெய்யும் அந்த வேலைக்கு நான் வைத்திருப்பது நடுவில் துளையிட்ட பழைய பிலிம் டப்பா. அதை ஐபீஸ், அதாவது கண் வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸ், இருக்கும் இடத்தில் செருகி உள்ளே பார்த்தபடி, கண்ணாடியின் நடுப்புள்ளி மையத்துக்கு வரும்வரை திருகுகளைத் திருப்புகிறேன். முதல் தடவை ஒரு மணி நேரமானது. இப்போது தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது.

கண்ணாடி அழுக்கானால் கழற்றிக் கழுவலாம் என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை. வருடத்துக்கு ஒரு முறை, பொங்கல் கழிந்து வானம் தெளியும்போது, பிளாஸ்டிக் தொட்டியில் வெதுவெதுப்பான நீரும் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவமும் விட்டு அதை மூழ்க வைக்கிறேன். தேய்ப்பதே இல்லை. கடைசியில் பேட்டரிக்கு ஊற்றும் சுத்த நீரை மேலிருந்து விட்டால், நீர் ஒரே தகடாக வழுக்கி இறங்குகிறது. நிற்கிற இரண்டு மூன்று துளிகளைப் பஞ்சின் நுனியால் ஒற்றி எடுத்தால் போதும். கண்ணாடி குழாயின் அடியில் பதுங்கியிருப்பதால் பனியும் எளிதில் படிவதில்லை. லென்ஸோ வானத்தைப் பார்த்தபடி நின்று பனியை நேராக வாங்குகிறது.

மைத்துனரின் லென்ஸுக்கு நேர்ந்ததும் அதுதான். ஒரு ஐப்பசியில் ஈரத்தோடு மூடி போட்டு உள்ளே வைத்துவிட்டோம், தப்பு எங்களுடையது. மழை விட்டபின் டார்ச் அடித்துப் பார்த்தால், முன்பக்கத்தில் சேர்ந்து நிற்கும் இரண்டு லென்ஸ்களுக்கு நடுவே சிலந்தி நூல்போல் பூஞ்சை. வெளிப்புறத்தைத் துடைக்கலாம். நடுவில் இருப்பதைத் துடைக்க இரண்டையும் பிரிக்கவேண்டும். பிரித்தால் பழைய இடைவெளியிலேயே திரும்பப் பொருத்துவது நம் கைக்கு அடங்கிய வேலை இல்லை. பூஞ்சை விழுந்த லென்ஸை யாரும் வாங்குவதும் இல்லை.

என் கண்ணாடிக்கு நான்கு வயதுதான். ஒளியைத் திருப்பும் அலுமினியப் பூச்சு இன்னும் தாங்குகிறது. மறுபூச்சுக்கு அனுப்பிய அனுபவம் எனக்கு இல்லை, அதில் என் பேச்சை நம்பவேண்டாம். காவலூர் வானாய்வகத்தில் 2.34 மீட்டர் கண்ணாடிக்கே அவ்வப்போது புதிதாகப் பூசுகிறார்கள், அதற்கென்று அங்கே வெற்றிட அறையே இருக்கிறது. நம் கண்ணாடிக்கும் அந்த நாள் வரும். டாப்சோனியன் அமைப்பைப் பரப்பிய ஜான் டாப்சன், சான் பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தில் துறவியாக இருந்தபோது கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்துத் தொலைநோக்கி செய்தவர். நான் ஒரு பூச்சுக்குக் கவலைப்படுகிறேன்.

முதுகுவலி உள்ளவரும் மூன்றாம் மாடி வாடகை வீட்டுக்காரரும் லென்ஸையே வாங்கலாம். பழையதாக வாங்கினால், பணம் கொடுக்கும் முன் டார்ச்சை முன்பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து உள்ளே பாருங்கள்.