நாலு வருஷமா காக்பிட்டுக்குள்ள குந்தினு கத்துக்கினது

ராத்திரி ஒன்றரை மணிக்கு தண்ணி குடிக்க எழுந்த எங்கம்மா கதவு இடுக்குல எட்டிப் பாத்துட்டு "இன்னாடா, சாமி வந்தவனாட்டம் கழுத்த ஆட்டினு கீற"ன்னு கேட்டாங்க. அப்போ நான் கம்ப்யூட்டர் கேம்ல கருங்கடல் மேல ஒரு மிக்-29 ஃபைட்டர் பிளேன் பின்னாடி வர்றான்னு தலைய திருப்பித் திருப்பி தேடினு இருந்தேன், அவங்களுக்கு அத எப்படி சொல்றது, "கேம்மா"ன்னு மட்டும் சொன்னேன், "மூணு மணி தண்ணி லாரிக்கு நீதான் எழுந்துக்கணும்"னு சொல்லிட்டு போய்ட்டாங்க.

நான் ஓட்டறது டிசிஎஸ் வேர்ல்ட், நெசமான போர் விமானம் மாதிரியே ஓட்டற கேம். அத ஆரம்பிச்சது 2021 லாக்டவுன்ல, ஃப்ரீயா வர்ற சு-25டி பிளேனும் காகசஸ் மேப்பும் வச்சி. அப்போ என் கம்ப்யூட்டர் பொட்டி ரைசன் 5 3600 பிராசஸர், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் 6 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, ரேம் 16 ஜிபி. மானிட்டர் சாதா 1080பி. எல்லாரும் பண்ற தப்பத்தான் நானும் பண்ணேன், எல்லா செட்டிங்கயும் ஹைல வச்சிட்டு காக்பிட் கண்ணாடியில வெயில் பட்டு மின்னறத பாத்து மெர்சலாகி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து குரூப்ல போட்டேன், ஸ்க்ரீன்ஷாட் சோக்கா இருந்துச்சு, ஓட்ட முடியல.

கொஞ்ச நாள் கழிச்சிதான் ஒன்னு புரிஞ்சிச்சு. நேரா பறக்கும்போது செகண்டுக்கு 30 ஃப்ரேம், அதாவது 30 படம், வந்தாக்கூட பெருசா தெரியாது, ஏன்னா ஸ்க்ரீன்ல பாதிக்கு மேல காக்பிட்டுதான், அது அசையாம அங்கியே நிக்குது. தலைய திருப்புனாதான் மேட்டர். மொத்த படமும் ஒரே நேரத்துல நகரும், அந்த நேரம் பாத்து ஒரு ஃப்ரேம் லேட்டானா கண்ணுக்கு சுருக்குன்னு தெரியும். 60 ஃப்ரேம்னா ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட், நடுவுல ஒன்னு மட்டும் 50 எடுத்துக்கினா ஆவரேஜ் மீட்டர்ல ஒன்னும் காட்டாது ஆனா கழுத்து வெட்டி வெட்டி போற மாதிரி இருக்கும். நான் ஓப்பன்ட்ராக்னு ஒரு சாஃப்ட்வேர் போட்டு சாதா வெப்கேம்லயே தலைய ட்ராக் பண்றேன், அது ஃப்ரீ, ஆனா அத போட்ட அப்பாலதான் இந்த ஜெர்க் எவ்ளோ பேஜார்னு தெரிஞ்சிச்சு. மவுஸ்ல பாத்துனு இருந்த வரைக்கும் நான் கண்டுக்கவே இல்ல.

ஜெர்க்குக்கு காரணம் தேடி ரெண்டு மாசம் சுத்துனேன். மொத காரணம் விரேம், அதாவது கிராஃபிக்ஸ் கார்டோட சொந்த மெமரி. டெக்ஸ்சர், அதாவது பொருள் மேல ஒட்டற படம், அத ஹைல வச்சா 6 ஜிபி ரொம்பிடும், ரொம்புனது சிஸ்டம் ரேமுக்கு வழியும், அங்கயிருந்து திரும்ப எடுத்தாரதுக்குள்ள படம் நின்னு நின்னு வரும். இதுல ஒரு நல்ல விஷயம், காக்பிட் டெக்ஸ்சர் தனி செட்டிங், தரை டெக்ஸ்சர் தனி செட்டிங். தரைய லோல போட்டு காக்பிட்ட ஹைல விட்டேன். இருபதாயிரம் அடில இருந்து வயக்காடு எப்படி இருந்தா எனக்கென்ன, மீட்டர் நம்பர் படிக்க முடிஞ்சா போதும். எவ்ளோ தூரம் தெரியணும்ன்ற விசிபிலிட்டி ரேஞ்சும் மீடியம்தான், அப்படி வச்சும் எங்க மாடியில இருந்து எண்ணூர் பக்கம் பாக்கறதவிட தெளிவாத்தான் இருக்கு. ரேம 32 ஆக்குனேன், ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடைல ஸ்பீடு கம்மியான ஸ்டிக்க தலைல கட்டிட்டாங்க, திருப்பி மாத்த மூணு தடவ அலைஞ்சேன், அந்த கத வேணாம்.

ரெண்டாவது காரணம் காக்பிட்டுக்குள்ளயே இருந்துச்சு. 2022ல எஃப்/ஏ-18சி ஹார்னெட்ன்ற அமெரிக்க ஃபைட்டர் பிளேன கேமுக்கு சேல்ல வாங்குனேன். சைடுல ரெண்டு ஸ்க்ரீன், நடுவுல ஒன்னு, இதெல்லாம் வெறும் படம் இல்ல, உள்ள தனியா வரைஞ்சி ஒட்டறது. டார்கெட்டிங் பாட், அதாவது இலக்க ஜூம் பண்ணி பாக்கற கேமரா, ஆன் பண்ணா இன்னொரு கேமரா வழியா உலகத்த இன்னொரு தபா வரையணும், அங்க ஃப்ரேம் சொய்ங்னு இறங்கும். ரியர் வியூ கண்ணாடியும் அதே கததான். அந்த காக்பிட் ஸ்க்ரீனோட டிஸ்ப்ளே ரெசல்யூஷன்ல 256, 512, 1024னு இருக்கும், கடைசில 1024 எவ்ரி ஃப்ரேம்னு ஒன்னு, ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் அந்த ஸ்க்ரீன திரும்ப வரையும், பேர பாத்து ஆசைப்பட்டு அத போட்டீங்கன்னா காலி. நான் 1024 வச்சேன், 512ல பாட் படத்துல லாரி எது டேங்க் எதுன்னே தெரியல. கண்ணாடிய ஆஃப் பண்ணேன். கண்ணாடி இல்லாத காக்பிட்டு மொட்ட அடிச்சாப்ல இருக்கும், மனசு வரல, ஆனா டாக்ஃபைட்ல யாரு கண்ணாடிய பாக்கறா, கழுத்ததான் திருப்பறோம்.

2024 ஜனவரில ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி மாத்துனேன். 8 ஜிபில புது மாடல் கார்டு அதே ரேட்டுக்கு கிட்ட கிடைச்சிது, ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் அததான் வாங்குன்னாங்க, நான் விரேமுக்காக பழசுக்கு போனேன், இன்னி வரைக்கும் வருத்தம் இல்ல. அதுக்கு முந்தி 2023 அக்டோபர்ல 2.9 அப்டேட்ல டிஎல்எஸ்எஸ், அதாவது சின்னதா வரைஞ்சி பெருசாக்கற டெக்னிக், வந்திருந்துச்சு, கார்டு மாத்துன அன்னிக்கே போட்டு பாத்தேன், ஃப்ரேம் ஜிவ்வுனு ஏறுச்சு. ஆனா 1080பி மானிட்டர்ல குவாலிட்டி மோடு வச்சாக்கூட உள்ள 720பிலதான் வரையுது, மிச்சத்த பழைய ஃப்ரேம்ங்கள பாத்து ரொப்புது. வெளிய மலைக்கு காட்டுக்கு அது ஓகே. காக்பிட்டுல வேகமா மாறுற நம்பர் எல்லாம் கலீஜா இழுவிக்கினு வரும், ஆல்டிட்யூட் இறங்கும்போது 8ஆ 9ஆன்னு தெரியாது. தூரத்துல புள்ளியா தெரியற எதிரி பிளேனும் கரைஞ்சி போயிடுவான். கேரியர்ல, அதாவது விமானம் தாங்கி கப்பல்ல, இறங்கும்போது காத்துக்கு எதிரா றெக்க நிக்கிற கோணத்த, அதான் ஆங்கிள் ஆஃப் அட்டாக், 8.1ல நிறுத்தினு, கப்பல் லைட்ட பாத்துனு, இறங்கற வேகத்தயும் ஓரக்கண்ணால பாக்கணும், அங்க நம்பர் இழுவுனா நான் தண்ணிலதான். அதே டெக்னிக்கோட இன்னொரு வகை டிஎல்ஏஏ, அது முழு ரெசல்யூஷன்ல வரையறதால எவ்ளோவோ பரவால்ல, அப்பவும் லேசா நிழல் இருந்துச்சு. கடைசில ஓரத்த மட்டும் மழுப்பற பழைய எம்எஸ்ஏஏ 2எக்ஸுக்கே திரும்பிட்டேன். ஓரமெல்லாம் கொஞ்சம் மினுக்கும், எழுத்து மட்டும் பளிச்னு நிக்கும். 1440பி, 4கே வச்சிருக்கவங்களுக்கு இந்த கணக்கு வேற, அவங்களுக்கு டிஎல்எஸ்எஸ் நல்லாவே ஒத்து வரும்.

ஃப்ரேம 60ல பூட்டிட்டேன். என் மானிட்டர்ல ஃப்ரீசிங்க், அதாவது ஃப்ரேமுக்கு ஏத்தாப்ல ஸ்க்ரீன் வேகத்த மாத்திக்கற வசதி, 48ல இருந்து 75 வரைக்கும்தான், 48க்கு கீழ போகாம பாத்துக்கினா போதும். பூட்டுனதுல இன்னொரு லாபம் சூடு. எங்க ரூமுக்கு நேர் மேல மொட்ட மாடி, கத்திரி வெயில்ல சாயங்காலம் கூட சுவத்த தொட முடியாது, பழைய கார்டு 84 டிகிரி காட்டி தானா ஸ்பீட கொறச்சிக்கும். ஹார்பர் லாரி தூசு, கடல் காத்து உப்பு, ரெண்டும் சேந்து ஃபேன்ல பிசினாட்டம் ஒட்டும், மூணு மாசத்துக்கு ஒரு தபா கேபினெட்ட தொறந்து துடைக்கலன்னா எந்த செட்டிங்கும் வேலைக்காவாது.

நடுவுல மிக்-21பிஸ்ன்ற பழைய ரஷ்ய ஃபைட்டர் பிளேன் வாங்குனேன். அதுல ஸ்க்ரீன்னு பாத்தா ஒரு சின்ன ரேடார்தான், மிச்சமெல்லாம் முள்ளு மீட்டர், அதனால இழுவற பிரச்சனை ரொம்ப கம்மி. 2025 செப்டம்பர் 26 சண்டிகர்ல மிக்-21க்கு ஏர்ஃபோர்ஸ்ல வழியனுப்புன வாரம், எங்க தெருவுல ஏர்ஃபோர்ஸ்ல மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆன மாமா ஒருத்தர கூட்டினு வந்து காட்டுனேன். நான் ஷேடோ, ரிஃப்ளெக்ஷன்லாம் காட்டினு இருக்கேன், அவரு அதெல்லாம் கண்டுக்கவே இல்ல. அந்த பச்சையும் நீலமும் கலந்த பெயிண்ட்ட பாத்து "கலரு கரெக்ட்டு"ன்னாரு, ஸ்விட்ச் ஓரத்துல பெயிண்ட் தேஞ்சி தகரம் தெரியறத விரலால தொட்டு பாத்தாரு, ஸ்க்ரீன்லதான். "கண்ணாடிதான் ரொம்ப சுத்தமா கீது தம்பி"ன்னாரு. அப்பாலிக்கா நான் ஷேடோவ மீடியமுக்கு இறக்கி டெக்ஸ்சர அப்படியே ஹைல விட்டேன், நாலஞ்சு ஃப்ரேம் சும்மா கெடச்சிது.

சிரியா மேப்புல ஊருக்கு மேல தாழ பறந்தா இன்னும் 45க்கு இறங்குது, அத நான் விட்டுட்டேன், ஒசரத்துலயே ஓட்டறேன்.

பழைய 1660 தம்பி பொட்டிக்கு போச்சு. சு-25டி ஓட்டறான், ரியர் வியூ கண்ணாடிய ஆஃப் பண்ண மாட்டேன்னு ஒரே அடம், 25 ஃப்ரேம்ல குதிச்சி குதிச்சி போய்னு இருக்கான்.