32,500 ரூபாய்க்குப் போலி இறக்கை: ஆர்.சி. ஹெலிகொப்டர் வைத்திருப்போர் கவனத்திற்கு

கொழும்பில் ஆர்.சி. (தொலையியக்கியால் பறக்கவிடும்) ஹெலிகொப்டர்களுக்கும் ட்ரோன்களுக்கும் உதிரிப்பாகம் விற்கும் ஒரு கடையில், பெயர்பெற்ற தயாரிப்பு என்று சொல்லி எனக்கு விற்கப்பட்ட 600 மில்லிமீற்றர் காபன் இழை இறக்கைச் சோடியில் ஒன்று, கடந்த ஞாயிற்றுக்கிழமை ஹெலிகொப்டர் அந்தரத்தில் நிற்கும்போதே அடியோடு பிய்த்துக்கொண்டு போய்விட்டது. சோடியின் விலை 32,500 ரூபாய். பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்குப் பின்னால் அக்காவின் மகன் நின்றுகொண்டிருந்தான் என்பதை நினைக்க நினைக்க ஆத்திரம் அடங்கவில்லை. முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

அந்தக் கடையை நான் நம்பியதற்குக் காரணம் இருந்தது. வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்தால் அனுப்புகூலி, சுங்கத் தீர்வை என்று விலை ஏறுவதோடு பொருள் எப்போது கைக்கு வரும் என்பதும் தெரியாது. இங்கேயோ கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். கடைக்காரர் பொதியைப் பிரித்து இரண்டு இறக்கைகளையும் மேசையில் வைத்து, சிறிய இலத்திரனியல் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துக் காட்டினார். இரண்டும் ஒரே எடை. மேற்பூச்சில் குறையில்லை, ஓரங்கள் நேராக இருந்தன. "தம்பி, இது ஒரிஜினல் சாமான். என்ட மகன்ட மெஷினுக்கும் இதத்தான் போட்டுக் குடுத்திருக்கிறன்" என்றார். அந்த மகன் கதைதான் என்னை மடக்கியது. சொந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பொய் சொல்வார் என்று யார் எதிர்பார்ப்பது? ரொக்கமாக 32,500 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

பறக்கவிட்டது ஹோமாகமப் பக்கம் அறுவடை முடிந்த ஒரு வயல்வெளியில். ரத்மலானை விமான நிலையம் அருகில் இருப்பதால் தெஹிவளை, வெள்ளவத்தைப் பகுதிகளில் இந்த வேலையே வேண்டாம் என்பது என் கொள்கை; காலிமுகத்திடலில் பட்டம் விடலாம், இதை விடவே கூடாது. இறக்கைகளைச் சுற்றும் சுழலியை நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,800 சுற்றில் வைத்து, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே நிறுத்தியிருந்தேன். 'டப்' என்று ஒரு சத்தம். அடுத்த கணத்தில், ஒற்றை இறக்கையோடு சமநிலை இழந்த இயந்திரம் தன்னைத்தானே அடித்து உடைக்கத் தொடங்கியது. எஞ்சிய இறக்கை வால்குழாயை வெட்டியது, சுழலித் தலை வளைந்தது, பற்றரி கழன்று வயலில் உருண்டது. பிய்த்துக்கொண்டு போன இறக்கை வரம்போரக் காவற்கொட்டிலின் தகரத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே கிடந்தது. நல்லகாலம், கொட்டிலில் யாரும் இருக்கவில்லை.

அதைக் கையில் எடுத்தபோதுதான் வஞ்சகம் தெரிந்தது. நல்ல காபன் இறக்கையில் வெளியே காபன் துணி அடுக்குகளும் நடுவே இலேசான நுரையும் இருந்தாலும், போல்ட் நுழையும் அடிப்பகுதியை மட்டும் கெட்டியாகப் பலப்படுத்தியிருப்பார்கள். முழு இழுவிசையையும் தாங்குவது அந்த ஓர் இடந்தான். என் கையில் இருந்த இறக்கையில் போல்ட் துளையைச் சுற்றி நகத்தால் கீறினாலே உதிரும் வெள்ளை நிரப்பும், அதன் மேல் காகிதம் போல உரிந்த ஒரேயொரு காபன் படலமுமே இருந்தன. துளை ஒரு பக்கமாகக் கிழிந்து திறந்திருந்தது. போல்ட்டுக்கோ, இறக்கையைச் சுழலித் தலையோடு கவ்வி வைத்திருக்கும் பிடிக்கோ ஒரு கீறலும் இல்லை. தராசில் நிறுத்துக் காட்டியதன் சூட்சுமமும் அப்போதுதான் புரிந்தது: இரண்டும் ஒரே எடையாக இருப்பது சமநிலைக்கு வேண்டியதுதான், ஆனால் பலம் இருக்கிறதா என்பதைத் தராசு சொல்லாது.

இந்த அளவு ஹெலிகொப்டரின் இறக்கை ஒன்று ஏறக்குறைய 120 கிராம். 1,800 சுற்றில் அதன் நுனி மணிக்கு 450 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் சுழல்கிறது. அடிப்பகுதியில் விழும் இழுவிசையோ ஏறத்தாழ 150 கிலோ எடையைத் தொங்கவிட்டால் ஏற்படும் இழுவைக்குச் சமம். சுற்று ஏற ஏற இந்த விசை அதன் வர்க்கத்துக்கு ஏற்றவாறு கூடும். 1,800 சுற்று 2,200 ஆனால் இழுவை ஒன்றரை மடங்காகிவிடும். 2013 செப்டெம்பரில் நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதிப் பூங்கா ஒன்றில், தான் பறக்கவிட்ட ஆர்.சி. ஹெலிகொப்டரே தாக்கி 19 வயது இளைஞர் ஒருவர் இறந்தார். இறக்கை முழுதாக இருக்கும்போதே ஆபத்து இப்படியென்றால், உள்ளே நிரப்பை அடைத்து விற்பவரை என்னவென்று சொல்வது?

கடைக்குத் தொலைபேசி எடுத்தால் முதலாளி வெளியூர் போயிருக்கிறார் என்றார்கள். வட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களைப் பார்த்ததற்கு நீலக்குறி விழுந்தது, பதில் விழவில்லை. நேரில் போனபோது அங்கிருந்த பையன், "அண்ணே, வெளாட்டுச் சாமான்தானே, ஒடையுறதுதான்" என்று சிரித்தான். வெளியூர் போனதாகச் சொல்லப்பட்ட முதலாளி உள்ளறையிலிருந்து வந்து, நான் போல்ட்டைக் கூடுதலாக இறுக்கியிருப்பேன் என்றார். பிடிக்குள் இறக்கை இலேசான தடையோடு அசையும் அளவுக்குத்தான் இறுக்கியிருந்தேன் என்று சொல்லி, கிழிந்த துளையையும் காட்டியதும் பேச்சு மாறியது: சரக்கு சீனாவிலிருந்து வருகிறது, அங்கே கேட்டுத்தான் சொல்ல வேண்டும். கடைசியாகப் பற்றுச்சீட்டைத் திருப்பி, "விற்ற பொருட்கள் திரும்ப எடுக்கப்படமாட்டா" என்ற வரியில் விரலை வைத்தார். 32,500 ரூபாயில் ஒரு சதம்கூடத் தரவில்லை. இயந்திரத்தைத் திருத்தும் செலவு வேறு. மகனுடைய இயந்திரத்தில் இருப்பதைக் காட்டுங்கள் என்று கேட்டதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பற்றுச்சீட்டில் முன்பக்கம் எழுதியிருந்ததும் "ஆர்.சி. பாகம் – 1" மட்டுமே, தயாரிப்பின் பெயர் எங்கும் இல்லை. இது தற்செயலாக நடந்ததென்று நான் நினைக்கவில்லை.

விரிவாக எழுத இப்போது பொறுமையில்லை. அவசரமானவற்றை மட்டும் சொல்கிறேன். தயாரிப்பின் பெயரையும் தொடர் இலக்கத்தையும் பற்றுச்சீட்டில் எழுதித் தராத கடையில் இறக்கை வாங்காதீர்கள். புதிய சோடியை முதன்முறை சுழற்றும்போது நன்றாக எட்டி நில்லுங்கள், சுழலும் தளத்தின் நேர்க்கோட்டில் யாரையும் நிற்கவிடாதீர்கள். பிய்ந்த இறக்கை அந்தத் தளத்திலேயே பறக்கும், தாழ்வாக நிறுத்தினால் அது தலை மட்டத்தில் வரும். ஏமாந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். பொருளை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்துமூல முறைப்பாட்டைக் கொடுத்துவிட வேண்டும். உடைந்த துண்டை எக்காரணம் கொண்டும் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். "சீனாவுக்கு அனுப்பிப் பார்க்கிறோம்" என்று என்னிடமும் கேட்டார்கள், நான் கொடுக்கவில்லை.

தொடர் இலக்கம் இல்லாத 600 மில்லிமீற்றர் கறுப்புச் சோடி ஒன்றை அண்மையில் கொழும்பில் வாங்கியவர்கள் இந்த வார இறுதியில் பறக்கவிட வேண்டாம். முதலில் கழற்றி, போல்ட் துளையின் உட்சுவரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள், முறைப்பாட்டில் சேர்த்துவிடலாம்.